மூடுபனியில் துலங்கும் நாவல்

கடலை வருணிக்கப் புகுவோர் அலை, நுரை, நீலம் என்னும் சொற்களை அடுக்கினாற் போதும் எனக் கருதுவதுண்டு. அக்கருத்துக்குச் சிறந்த மறுப்பு, எர்ஸ்கின் சில்டர்ஸ் 1903 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மணல்களின் புதிர்' என்னும் ஆங்கில நாவல். இதனை ஒற்றர் கதைகளின் முன்னோடி என்பர். அக்கூற்றுப் பொருந்தும், ஆயினும் நூலின் உயிர் ஒற்றாடலில் இல்லை, கரையை அறிந்த அறிவில் இருக்கிறது.

கதை பெரும்பாலும் நிகழுமிடம் செருமனியின் வடகடலோரத்து ஃபிரீசியத் தீவுகள். அங்கே நீர் வற்றினால் மணற்பரப்பு பல கல் தொலைவு வெளிப்படும். நீர் ஏறினால் அதுவே கடலாகும். டேவிஸ் என்பவனும் வெளியுறவு அலுவலகத்துக் கேரதர்ஸும் 'டல்சிபெல்லா' என்னும் சிறு பாய்மரப் படகில் அங்குத் திரிகின்றனர். பெருங்கப்பல் அணுகாத ஒதுக்கிடங்களில் நங்கூரம் பாய்ச்சுகின்றனர். வற்றத்தில் படகு மணல்மேல் அமர, இறங்கி நடந்து ஓடைகளின் போக்கைக் கண்டறிகின்றனர். உல்லாசப் பயணம் என்றெண்ணிப் பெரும் பெட்டியோடு வந்த கேரதர்ஸ், மெல்லமெல்லக் கடலோடியாக மாறுவது இயல்பாக அமைந்துள்ளது.

நூலின் சிகரம், மூடுபனியில் மெம்மெர்ட் தீவுக்குத் துடுப்புப் படகில் செல்லும் பகுதி. கண்ணுக்கு எதுவும் புலப்படாத நிலையில், கடல் வருணனைக்கு ஆசிரியர்கள் வழக்கமாக நம்பும் காட்சி இங்கு உதவாது. திசைகாட்டி, கடிகாரம், நீரின் ஆழத்தைத் தொட்டறியும் கோல் ஆகியவையே துணை. கோல் தொடும் ஓடைக்கரை ஒவ்வொன்றும் கதையை ஒரு படி முன்செலுத்துகிறது. கருவிகளைப் பற்றிய செய்தியே உணர்ச்சியாகி, படிப்போர் நெஞ்சைப் பதைக்கச் செய்கிறது. 1897 இல் 'விக்சன்' என்னும் தம் படகில் ஆசிரியர் அக்கடலோரம் சென்றவர். பட்டறிவின் பயன் ஈதே.

குறைகளும் உள. கிளாரா என்னும் பெண்ணைச் சார்ந்த காதற்பகுதி ஒட்டவைத்ததாகவே நிற்கிறது. மறைவில் நின்று பிறர் பேச்சைக் கேட்டுச் செய்தி அறிவதும் எளிய உத்தியே.

செருமானியர் அம்மணற்கரையிலிருந்து இங்கிலாந்தின்மேல் படையெடுக்கக்கூடும் என்பதே நூலின் எச்சரிக்கை. அப்படையெடுப்பு நிகழவில்லை. இங்கிலாந்தை எச்சரித்த சில்டர்ஸே 1914 இல் 'அஸ்கார்ட்' படகில் அயர்லாந்துத் தொண்டர்களுக்குத் துப்பாக்கி கொண்டு சேர்த்தார். 1922 இல் அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அரசியல் நோக்கம் காலத்தோடு கழிந்தது. மூடுபனிப் பயணம் இன்றும் புதுமை குன்றாமல் இருக்கிறது. மாணவர்க்கு வருணனை கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் நலம். பொருளை அறிந்தவன் எழுத்தில் அணி தேடி அலைய வேண்டுவதில்லை.