பூங்காவுக்கு வெளியே மல்லாட்டை

‘டி.எம்.வி.’ என்ற மூன்றெழுத்தை நிலக்கடலை பயிரிடுவோர் அறிவார்கள். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்து ரகங்களின் முன்பெயர் அது. 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2, ஆந்திரம், கர்நாடகம்வரை போய்ப் பல பத்தாண்டுகள் விளைந்தது. விதைக்குத் தன் பெயரைக் கொடுத்த இந்த வட்டாரம், மல்லாட்டை என்று இங்கே அழைக்கும் நிலக்கடலையைப் பெரும்பாலும் காயாகவே மூட்டை கட்டி அனுப்புகிறது. திண்டிவனம் சிப்காட்டையும் அதன் உணவுப் பூங்காவையும் நான் அந்த மூட்டையை வைத்தே எடைபோடுகிறேன்.

இடத்தேர்வில் குறையில்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலை பிரியும் ஊர். அதைவிடப் பெரிய பலம் பூங்காவின் வரைபடத்திலேயே இல்லை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022-இல் அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரி போக மாதம் 1,000 ரூபாய் வந்தது. 2023-இல் குடும்பத் தலைவியருக்கு உரிமைத்தொகை. மயிலம் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணை வேலைக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு வந்தால், பஸ் காசு இனி ஒரு தடையாகாது. தொழிற்சாலைக்கு முன்பே ஆட்களைத் தயார்செய்த இந்த வரிசை சரியானது.

அயர்லாந்தும் ஆலை, ஆள் இரண்டுக்கும் வழிசெய்தது, வரிசை மட்டும் வேறு. 1959-இல் ஷானன் விமான நிலையத்தையொட்டி வரிச்சலுகை மண்டலம் அமைத்தது. 1967-இல் உயர்நிலைக் கல்வியை இலவசமாக்கி, கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்தும் விட்டது. வெளிநாட்டு ஆலைகள் வந்தன, வேலையும் வந்தது. ஆனால் அந்த ஆலைகளுக்கும் உள்ளூர்த் தொழில்களுக்கும் கொடுக்கல் வாங்கல் மிகக் குறைவு என்று 1982-இல் டெலிசிஸ் என்ற ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை சுட்டிக்காட்டியது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

நமக்கு அந்தத் தாமதம் தேவையில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்று அறிவிக்கிறோம். 2030-க்குள் ஒரு லட்சம் கோடி டாலர் பொருளாதாரம் என்ற மாநில இலக்கும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. சுற்றுவட்டாரத்தில் எத்தனை மூட்டை வாங்குவார்கள் என்பதையும் அதே மேடையில் சொல்ல வேண்டும்.

நல்லெண்ணம் மட்டும் இருந்தால் ஆலை இங்கே வாங்கிவிடாது. ஈரம் போகாமல் அடுக்கிய காயில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் நஞ்சு சேரும். ஏற்றுமதிச் சரக்கைத் திருப்பி அனுப்ப அது போதும். சோதித்த பருப்பு கிடைக்காவிட்டால் ஆலை குஜராத்துக்கு ஆர்டர் கொடுக்கும். எனவே ஒலக்கூர், மயிலம் வட்டாரங்களில் உலர்களமும் சோதனைக்கூடமும் முதலில் வேண்டும். பூங்காவுக்குள் போடும் தார்ச்சாலையோடு ஒப்பிட்டால் செலவு சிறிது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. நிலம் எடுத்தால் பட்டா உள்ளவருக்கு விலை கிடைக்கும். அதே நிலத்தில் களை எடுத்து, கொடி பிடுங்கி, காய் ஆய்ந்து கூலி வாங்கியவளுக்குப் பட்டா இல்லை. ஐம்பது வயதில் அவளை எந்த ஆலையும் வேலைக்கு எடுக்காது. உலர்களத்தில் காய் தரம் பிரிக்கும் வேலை அவளுக்குத் தெரிந்த வேலை. அங்கே முதல் ஆளாக அவள் பெயரை எழுதுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.