சொல்தேர்வும் தன்னடையாளமும்: பண்டிதா ரமாபாயின் எழுத்துகளை முன்வைத்து

உயர்கல்வி பெற்ற முன்னோடிப் பெண்களைப் பற்றிய திறனாய்வுகளில் 'இரு பண்பாடுகளுக்கிடையே அகப்பட்டவர்' என்னும் விளக்கம் அடிக்கடி இடம்பெறுகிறது. பிராமணக் குடும்பத்தில் பிறந்து, வடமொழிப் புலமை பெற்று, 1883இல் இங்கிலாந்தில் கிறித்தவம் தழுவிய பண்டிதா ரமாபாய்க்கும் (1858–1922) இவ்விளக்கமே தரப்படுவதுண்டு. அவருடைய சொல்லாட்சியை நோக்குவோர்க்கு இது போதிய விளக்கமாகத் தோன்றாது. எச்சொல்லை ஏற்பது, எதனை விலக்குவது என்பதில் அவர் மிகத் தெளிவாகவே இருந்திருக்கிறார்.

முதலில் அவர் பெயர். 1878இல் கல்கத்தா அறிஞர்கள் அவருக்குப் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்னும் பட்டங்களை வழங்கினர். மதம் மாறிய பின்னரும் அவர் இவற்றைக் கைவிடவில்லை. 1887இல் பிலடெல்பியாவில் வெளியான, உயர்சாதி இந்துப் பெண்களைப் பற்றிய ஆங்கில நூலின் முகப்பிலும் இரண்டும் உள்ளன. 'பண்டிதா' என்பது பெண்பால் வடிவம். தமிழிலோ ஈற்று நெடிலைக் குறுக்கிப் 'பண்டித ரமாபாய்' என எழுதும் வழக்கம் உண்டு. ஆண்பாற் பட்டமொன்றை அவர் இரவல் பெற்றதுபோன்ற தோற்றத்தை இது தருகிறது. 'பண்டிதை அசலாம்பிகை' என எழுதப் பழகிய நாம் இங்கு மட்டும் தவறுவானேன்?

இதனினும் சிக்கலானது வடமொழி பற்றிய அவர் நிலைப்பாடு. இங்கிலாந்தில் வான்டேஜ் கன்னியர் மடத்தின் ஆதரவில் இருந்தபோது, இலத்தீன் சொற்கள் பொறித்த சிலுவையை அணிய அவர் உடன்படவில்லை. வடமொழிச் சொற்களே வேண்டுமென்றார். அது தேவமொழி என்பதற்காக அன்று, தம் நாட்டின் தொன்மையும் அழகும் வாய்ந்த மொழி என்பதற்காகவே என விளக்கமும் தந்தார். மதத்தை ஏற்றவர், அதனுடன் வந்த மொழியதிகாரத்தை ஏற்கவில்லை.

ஆனால் பிற்காலத்தில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, விவிலியம் முழுவதையும் மராத்தியில் பெயர்த்தபோது அவரே வடசொற்களைக் குறைக்க முற்பட்டார். அப்பெயர்ப்பு அவர் மறைவுக்குப்பின் 1924இல் வெளிவந்தது. வழக்கிலிருந்த மராத்தி விவிலியத்தின் வடமொழி நடை, மிகுதியாகக் கல்லாத பெண்களுக்கு எட்டாதது என்பது ஒரு காரணம். வடமொழிச் சமயச் சொற்கள் வேதாந்தப் பொருளை உடன்கொண்டு வரும் என்பது மற்றொன்று. இது முரண்பாடா? முரண்பாடன்று என்பதே என் கருத்து. கன்னியர் மடத்தில் அவருக்கு இலத்தீன் எவ்வாறு இருந்ததோ, அவ்வாறே கேட்காவ்ம் முக்தி இல்லத்து விதவைக்கு வடமொழி இருந்தது. ஆயினும் இரண்டாவது காரணத்தில் ஓர் இழப்பும் உண்டு. இளமையில் பாகவதத்தை மனனம் செய்த ஒருவர், அம்மரபு தோய்ந்த சொற்களைத் தம் நடையிலிருந்து தாமே களைய வேண்டியதாயிற்று. இவ்வளவு உழைப்பில் உருவான அப்பெயர்ப்பு பரவலான வழக்கைப் பெறவுமில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு மிகுந்த இடர்தருவன அவருடைய கடிதங்களே. தம் ஞானத்தாயாகிய சகோதரி ஜெரால்டினுடன் அவர் ஆங்கிலத்தில் கடுமையாக வாதிடுகிறார். தம் மனச்சான்றை எவர் கையிலும் ஒப்படைக்க இயலாதென உறுதிபடக் கூறுகிறார். அவரையே 'ஆஜீபாய்' என மராத்தி உறவுப்பெயரால் விளிக்கவும் செய்கிறார். பாட்டி என்பது அதன் பொருள். மடத்து மேலாண்மைக்குரியவரை வீட்டு மூத்தவராக மாற்றிவிடும் விளி அது. மூத்தவரிடம் மரியாதை காட்டலாம், பிணங்கவும் செய்யலாம். கீழ்ப்படிதல் நேர்த்திக்கடன் அங்கில்லை. (இக்கடிதங்களைத் தொகுத்தவரும் ஜெரால்டினே, ஏ. பி. ஷா பதிப்பித்து 1977இல் வெளிவந்தது. எதிர்வாதியின் கைவழியாகவே ரமாபாயின் குரல் நம்மை வந்தடைகிறது என்பதையும் கருத வேண்டும்.)

தமிழில் இதனைப் 'பாட்டி' என்று பெயர்த்தால் பொருள் பிழையாகாது. ஆனால் முழுவதும் தமிழாகிவிட்ட கடிதத்தில், ஆங்கிலத்துக்கு நடுவே அச்சொல் தனித்து நின்ற நிலை மறைந்துவிடும். வாதமும் சாதாரணக் குடும்பப் பிணக்காகச் சுருங்கும். 'அம்மையீர்' என்பது இன்னும் மோசம், அவர் விலக்கிய மேலாண்மையையே மீண்டும் கொண்டுவந்து வைக்கிறது. 'ஆஜீபாய்' என்றே விடுவதுதான் எனக்கு உடன்பாடு. முதற்கடிதத்தில் ஒருமுறை பொருள் விளக்கினால் போதுமானது.