சார்லட்ஸ் வெப்: வகுப்பறைச் செயல்பாடுகள் குறித்த விமர்சனம்

சார்லட்ஸ் வெப் (1952) அமெரிக்க எழுத்தாளர் ஈ. பி. வைட் எழுதிய சிறார் நாவல். ஓவியங்களை கார்த் வில்லியம்ஸ் வரைந்தார். ஹார்ப்பர் அண்ட் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்டது. 1953-ல் நியூபெரி கௌரவ நூலாகத் தேர்வு பெற்றது. அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் பல தலைமுறைகளாகப் படிக்கப்பட்டு வருவதால், இந்நாவலைக் கற்பிப்பதற்கான செயல்பாடுகளும் பணித்தாள்களும் ஏராளமாகச் சேர்ந்துவிட்டன. அவற்றில் பல, குழந்தைகளை மகிழ்விக்கின்றன. ஆனால் நாவலின் நடுவில் உள்ள இரண்டு விஷயங்களை, அதாவது கொல்லப்படவிருந்த ஓர் உயிர் சொற்களால் காப்பாற்றப்படுவதையும், காப்பாற்றியவள் தனியாக இறந்துபோவதையும், அவை சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன.

கதைப் பின்னணி

நோஞ்சானாகப் பிறந்த பன்றிக்குட்டியைக் கொல்லக் கோடரியுடன் போகும் தந்தையை ஃபெர்ன் என்ற எட்டு வயதுச் சிறுமி தடுக்கிறாள். வில்பர் என்று பெயரிடப்பட்ட அந்தக் குட்டி, பிறகு ஆறு டாலருக்கு அவளுடைய மாமா ஹோமர் சக்கர்மனின் பண்ணைக்கு விற்கப்படுகிறது. குளிர்காலம் வந்ததும் தன்னை அறுத்துவிடுவார்கள் என்று கிழட்டு ஆடு சொல்லித்தான் வில்பருக்குத் தெரியவருகிறது. கதவு நிலையில் வலை கட்டி வாழும் சார்லட் என்ற சிலந்தி, வலையில் சொற்களைப் பின்னி வில்பரை ஊரறிந்த பன்றியாக்குகிறது. கண்காட்சியில் வில்பருக்குச் சிறப்புப் பரிசு கிடைக்கிறது. 514 முட்டைகள் கொண்ட பையைச் செய்து முடித்த சார்லட், கண்காட்சித் திடலிலேயே இறக்கிறது.

வைட், மெய்ன் மாநிலத்தின் நார்த் புரூக்ளினில் சொந்தப் பண்ணையில் வாழ்ந்தவர். நோயுற்ற தம் பன்றியைக் காப்பாற்ற முடியாமற்போனதைப் பற்றி 1948-ல் 'அட்லாண்டிக்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நாவலில் பன்றி பிழைக்கிறது.

நூலைத் திறக்காமல் செய்யக்கூடியவை

இந்நாவலுக்கான செயல்பாடுகளில் முதலில் கண்ணில் படுவது காகிதத்தட்டுச் சிலந்தி. தட்டுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, எட்டுக் கால் ஒட்டி, கண் வைப்பது. அடுத்தது கம்பளி நூல் வலை. பிறகு பன்றி முகமூடி. கைவேலைப் பாடத்தில் இவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இலக்கிய வகுப்பில் வைக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது: நாவலைத் திறந்தே பார்க்காத மாணவன் இதைச் செய்து முடிக்க முடியுமா? முடியும் என்றால் அது அந்த நாவலுக்கான செயல்பாடு அல்ல. சிலந்தி வரும் எந்தக் கதைக்கும் அது பொருந்தும்.

சிறிய மாற்றமே இதை வேறாக்கிவிடும். சார்லட்டின் முழுப் பெயர் சார்லட் ஏ. கேவட்டிக்கா. அமெரிக்கக் கொட்டகைகளில் காணப்படும் அரேனியஸ் கேவட்டிகஸ் என்ற உண்மையான சிலந்தி இனத்தின் பெயர் அது. எழுதுவதற்கு முன் வைட் சிலந்திகளைப் பற்றி நிறையப் படித்தார். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சிலந்தி அறிஞர் வில்லிஸ் கெர்ட்ஷிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். தன் காலின் ஏழு கணுக்களையும் சார்லட் வில்பருக்குப் பெயர் சொல்லி அடுக்கும் இடம் நாவலில் உண்டு. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு சிலந்தி செய்யச் சொன்னால் மாணவன் மூன்று முறையாவது நூலுக்குத் திரும்புவான். இன்னும் ஒரு படி மேலே போய், இரு பத்தி அட்டவணை போடச் சொல்லலாம்: சார்லட் செய்வனவற்றில் உண்மைச் சிலந்தி செய்வது எது, வைட் கற்பனை செய்தது எது? எழுதுவதும் பேசுவதும் மட்டுமே இரண்டாம் பத்தியில் வரும். ஈயின் இரத்தத்தைக் குடிப்பது, குஞ்சுகள் இழை விட்டுக் காற்றில் பறந்து போவது, முட்டையிட்ட தாய் குளிருக்கு முன் இறப்பது எல்லாம் முதல் பத்திக்குப் போகும். சார்லட்டின் சாவு ஆசிரியர் வலிந்து புகுத்திய சோகம் அன்று என்பது எட்டு வயதுக் குழந்தைக்கும் அந்த அட்டவணையிலேயே தெரிந்துவிடும்.

வலையில் எழுதிய சொற்கள்

மிகப் பரவலான மற்றொரு செயல்பாடு, வலை வரைந்து அதன் நடுவில் நண்பனைப் பற்றி ஒரு நல்ல பெயரடை எழுதுவது. 'அன்பானவன்', 'திறமைசாலி' என்று தாள்கள் நிரம்பும். சுவரில் ஒட்டினால் அழகாகவும் இருக்கும். ஆனால் நாவலில் நடப்பது இதற்கு ஏறக்குறைய நேர்மாறானது.

சார்லட் வில்பரைப் பாராட்டுவதற்காக எழுதவில்லை. சக்கர்மனை ஏமாற்றுவதற்காக எழுதுகிறது. பூச்சியை ஏமாற்ற முடிந்தால் மனிதனையும் ஏமாற்றலாம் என்பதே அதன் கணக்கு. முதல் வாசகத்துக்குப் பிறகு சொற்கள் பெரும்பாலும் குப்பையிலிருந்து வருகின்றன. எலியான டெம்பிள்டன் குப்பைமேட்டிலிருந்து விளம்பரத் துண்டுகளைக் கவ்விக்கொண்டு வருகிறது. 'கிரஞ்சி' என்ற சொல் தள்ளப்படுகிறது, ஏனென்றால் அது வறுத்த பன்றி இறைச்சியை நினைவூட்டும். சட்டையிலிருந்து வந்த 'முன்கூட்டியே சுருக்கியது' என்பதும் உதவாது. சோப்புத் தூள் பெட்டியிலிருந்து வந்த 'ரேடியன்ட்' ஏற்கப்படுகிறது. அதற்கு முன் வில்பர் ஓடியும் குட்டிக்கரணம் போட்டும் காட்ட வேண்டியிருக்கிறது. இடையில் 'டெரிஃபிக்' என்ற சொல்லைப் பெண்வாத்து முன்மொழிகிறது. தான் அப்படி இல்லையே என்று வில்பர் தயங்கும்போது, அச்சில் வந்ததை மக்கள் நம்பிவிடுவார்கள் என்ற பொருளில் சார்லட் பதில் சொல்கிறது. விளம்பரங்களுக்கு நடுவே வளரும் குழந்தைகளிடம் இதைவிட நேராகப் பேசும் சிறார் நாவல்கள் குறைவு. நற்குணப் பெயரடைப் பயிற்சி இந்தக் கூர்மை முழுவதையும் மழுக்கிவிடுகிறது.

இதற்கு மாற்றாக, மாணவர்களே டெம்பிள்டனாகலாம். பழைய செய்தித்தாள், பிஸ்கட் உறை, சோப்பு அட்டை ஆகியவற்றிலிருந்து ஆளுக்கு ஐந்து சொற்கள் வெட்டி வரவேண்டும். சிறு குழு ஒன்று சார்லட்டாக உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் ஏற்கவோ தள்ளவோ வேண்டும். காரணம் சொல்லாமல் தள்ளக்கூடாது. 'புதியது', 'இலவசம்', 'மொறுமொறு' என்று வரும் சொற்களில் எது பன்றியைக் காக்கும், எது கொன்றுவிடும் என்ற வாதம் தானாக எழும். இறுதியில் ஒரு கேள்வி மீதம் இருக்கும்: சொல் வில்பரிடம் ஏற்கெனவே இருந்ததைச் சொல்கிறதா, அல்லது வில்பர் சொல்லுக்கு ஏற்ப மாறிவிடுகிறதா? ஆசிரியர் இதற்கு விடை சொல்லத் தேவையில்லை. நாவலும் சொல்வதில்லை.

மொழியைப் பொறுத்தவரை தமிழ் மாணவருக்கு இங்கே ஒரு சங்கடமும் ஒரு வசதியும் உண்டு. சங்கடம் முதல் வாசகத்தில். அதிலுள்ள 'சம்' என்ற ஆங்கிலச் சொல்லைச் 'சில' என்று கொண்டால் பொருள் கெட்டுவிடும். 'பன்றி என்றால் இதுதான் பன்றி' என்ற தொனி அது. வசதி கடைசிச் சொல்லான 'ஹம்பிள்' என்பதில். அகந்தை இல்லாதது, தரைக்கு அருகில் இருப்பது என்று அச்சொல்லுக்கு உள்ள இரு பொருளையும் சார்லட் விளக்குகிறது. ஆங்கில வகுப்பில் இதற்கு அகராதி தேவைப்படும். தமிழில் 'தாழ்' என்ற வேரிலேயே இரண்டும் அடங்கியிருப்பதால் 'தாழ்மை' என்றதும் புரிந்துவிடும்.

பங்குத் தாள்கள்

நான்கைந்து மாணவர் கூடிப் பேசும் வாசிப்பு வட்டங்களை ஹார்வி டேனியல்ஸ் 1994-ல் வெளியிட்ட நூல் அமெரிக்க வகுப்பறைகளில் பரப்பியது. கேள்வி கேட்பவர், படம் வரைபவர், சொல் தேடுபவர், தொடர்புபடுத்துபவர் என்று ஆளுக்கொரு பங்கும் அதற்கு ஒரு தாளும் கொடுப்பது வழக்கமானது. தாளை நிரப்புவதே வேலை என்றாகி உரையாடல் இயந்திரத்தனமாகிவிடுவதை 2002-ல் வந்த இரண்டாம் பதிப்பில் டேனியல்ஸே எச்சரித்தார். ஆனாலும் தாள்கள் மட்டும் தொடர்கின்றன. இங்கிலாந்தின் எய்டன் சேம்பர்ஸ் 'டெல் மீ' (1993) நூலில் முன்வைத்த முறை எளியது: பிடித்தது எது, பிடிக்காதது எது, புரியாதது எது, திரும்பத் திரும்ப வருவது எது என்ற நான்கு கேள்விகள். 'ஏன்?' என்று அதட்டிக் கேட்பதை அவர் தவிர்க்கச் சொன்னார். இந்நாவலுக்கு நான்காவது கேள்வி மிகவும் பொருந்தும். பருவங்கள் மாறுவது, உணவுப் பட்டியல்கள், ஏமாற்று வேலைகள், பிறப்புகள் என்று குழந்தைகள் கண்டுபிடிக்க நிறைய இருக்கிறது.

இறப்பு

21-ஆம் அத்தியாயத்தில் சார்லட் இறக்கிறது. அப்போது அருகில் யாரும் இல்லை. வில்பர் முட்டைப்பையை வாயில் அடக்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டது. அதை எடுத்துத் தரும் டெம்பிள்டன்கூட, இனித் தொட்டித் தீனியில் முதல் பங்கு தனக்கே என்று பேரம் பேசித்தான் உதவுகிறது. ஆளில்லாத திடலையும் சிதறிக் கிடக்கும் குப்பையையும் காட்டிவிட்டு வைட் அத்தியாயத்தை முடிக்கிறார். ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லை.

பல கற்பித்தல் திட்டங்கள் இந்த இடத்தில் உடனே ஒரு தாளை நீட்டுகின்றன. 'சார்லட் எங்கே இறந்தது? எத்தனை முட்டைகள் இட்டது?' என்பவை ஒரு வகை. 'உனக்கு நெருங்கியவர் இறந்தபோது எப்படி உணர்ந்தாய்? ஐந்து வாக்கியங்களில் எழுதுக' என்பது இன்னொரு வகை. முதல் வகை சாவைத் தகவலாக்குகிறது. வாசிப்பிலிருந்து எடுத்துச் செல்லும் தகவலையும் வாசிக்கும்போதே வாழ்ந்து பெறும் அனுபவத்தையும் லூயிஸ் ரோசன்பிளாட் 1978-ல் பிரித்துக் காட்டினார். இத்தகைய வினாத்தாள் இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிடுகிறது. இரண்டாவது வகை இன்னும் கவலைக்குரியது. வீட்டில் உண்மையாகவே ஒரு சாவைக் கண்ட குழந்தை, மதிப்பெண்ணுக்காக அதை வகுப்பில் எழுத வேண்டியதாகிறது. அந்தக் குழந்தைக்கு இந்த நாவல் தரக்கூடிய பெரிய உதவி, தன் துக்கத்தைப் பன்றியின் துக்கமாக வைத்துப் பேச முடிவதுதான். தாள் அந்த மறைவிடத்தைப் பறித்துவிடுகிறது.

இந்த அத்தியாயத்துக்கு ஏற்ற செயல்பாடு, ஆசிரியர் அதை நிறுத்தாமல் உரக்கப் படிப்பது. அன்றைக்கு வேறு பயிற்சி வேண்டாம். வைட்டே முழு நாவலையும் படித்து ஒலிப்பதிவு செய்திருக்கிறார். இந்தப் பகுதியில் அவர் குரல் உடைந்ததால் பலமுறை திரும்பப் பதிய வேண்டியிருந்தது என்று அதன் தயாரிப்பாளர் கூறியுள்ளார். மறுநாள் 22-ஆம் அத்தியாயத்தைப் படித்த பிறகு பேசலாம். குஞ்சுகள் காற்றில் பறந்துபோக, மூன்று மட்டும் தங்குகின்றன. அவற்றுக்கு வில்பர் பெயர் வைக்க உதவுவதை ஆறுதல் என்பதா, போதாது என்பதா? குழந்தைகள் இரண்டு பக்கமும் நிற்பார்கள்.

ஃபெர்ன் எங்கே போனாள்?

ஒரு மாணவர் பாத்திரமாக அமர, மற்றவர்கள் வினவும் 'கேள்வி நாற்காலி' நாடகமுறை நன்கு அறியப்பட்டது. வழக்கமாக வில்பரையோ சார்லட்டையோ உட்காரவைப்பார்கள். பதில்கள் நூலிலேயே இருப்பதால் அது ஒப்புவித்தலாக முடியும். உட்காரவேண்டியவள் ஃபெர்ன். கோடரியைப் பிடித்து இழுத்தவள், வில்பர் பரிசு பெறும் நேரத்தில் ஹென்றி ஃபஸி என்ற பையனுடன் ராட்சத ராட்டினத்தில் சுற்றுவதையே நினைத்துக்கொண்டிருக்கிறாள். சார்லட் இறந்தது அவளுக்குத் தெரியுமா என்றுகூட நாவல் சொல்வதில்லை. அவள் நன்றி மறந்தவளா, வளர்ந்துவிட்டவளா? அவள் தாய் கவலையோடு டாக்டர் டோரியனிடம் போகும் 14-ஆம் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தால்தான் நாற்காலியில் இருப்பவரால் பதில் சொல்ல முடியும்.

வைட்டின் கையெழுத்துப்படிகள் கார்னெல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. பீட்டர் நியூமெயர் தொகுத்த குறிப்புரைப் பதிப்பு (1994) அவற்றிலிருந்து பகுதிகளைத் தருகிறது. தொடக்க வரைவுகளில் ஃபெர்ன் இல்லை; கதை கொட்டகையிலும் சிலந்தியிலும் தொடங்கியது. வைட் படியை ஓராண்டளவு ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகே அவளைச் சேர்த்தார். இதையே ஒரு செயல்பாடாக்கலாம். கொட்டகை வருணனையோடு தொடங்கும் மூன்றாம் அத்தியாயத்தை, அதுதான் முதல் அத்தியாயம் என்பதுபோல் வகுப்பில் படிக்கவேண்டும். பிறகு உண்மையான முதல் அத்தியாயத்தைப் படிக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று கேட்டால், பெரும்பாலும் கோடரியிலிருந்துதான் மாணவர்கள் பேசத் தொடங்குவார்கள்.