ஆளுக்கொரு கட்டம்

பலர் சேர்ந்து ஒட்டுப்போர்வை தைப்பது என்று முடிவானதும் பேச்சு நிறத்தில்தான் தொடங்கும். பழகிய கைகள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. “தையலுக்கு எவ்வளவு விடணும்?” என்று மட்டும் கேட்பார்கள். கால் அங்குலம், நம் தச்சர் கணக்கில் இரண்டு நூல். முடிந்த கட்டம் 12 அங்குலம் என்றால், வந்து சேர வேண்டியது பன்னிரண்டரை.

இதில் கறார் ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒன்பது துண்டுகளை இணைத்த கட்டத்தில் ஒரு திசைக்கு இரண்டு தையல். ஒவ்வொரு தையலிலும் இரு பக்கத் துணியும் அரை நூல் கூடுதலாக உள்ளே போனால் கட்டம் இரண்டு நூல் குறைந்துவிடும். அப்படி ஐந்து கட்டம் ஒரே வரிசையில் நின்றால் ஒன்றேகால் அங்குலம் காணாமல் போகும். நான் முதன்முதலில் கொடுத்த கட்டம் மூன்று நூல் குறை. சேர்த்துத் தைத்த அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓரத்தில் மெல்லிய பட்டி வைத்து அளவைக் கூட்டிவிட்டார். அந்தப் பட்டி இன்றும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அளவு இப்படி எல்லோரையும் கட்டுகிறது. அதற்கு மேல் எதைக் கட்டுவது, எதை அவரவர் இஷ்டத்துக்கு விடுவது என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன.

அமெரிக்காவில் 1840களில் பரவிய கையெழுத்துப் போர்வையில் வடிவமும் கட்டாயம். எல்லோரும் ஒரே மாதிரிக் கட்டம் தைக்க வேண்டும். துணி மட்டும் அவரவர் வீட்டுத் துணி. நடுவே விட்ட வெள்ளைத் துண்டில் பெயரை மையால் எழுதுவார்கள். பழைய இரும்பு மை துணியை அரித்துத் தின்றுவிடும்; அரிக்காத, அழியாத மை கடைக்கு வந்த பிறகுதான் இந்த வழக்கம் வேர்பிடித்தது. மேற்கே குடிபெயர்ந்தவர்கள் ஊரார் பெயர்களை இப்படிப் போர்த்திக்கொண்டு போனார்கள். கையெழுத்துப் போர்வை என்ற பெயரை அப்படியே நம்பிவிட வேண்டாம். பல போர்வைகளில் எழுத்தழகு உள்ள ஒருவரே எல்லோருக்குமாக எழுதியிருக்கிறார்.

இதற்கு நேரெதிர், ஏறக்குறைய அதே காலத்து பால்டிமோர் ஆல்பம் போர்வை. 1846 முதல் 1852 வரைதான் அதன் உச்சம். பெரும்பாலும் ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள். ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. மலர் வளையம், பழக்கூடை, கப்பல், கழுகு, ஊர் நினைவுத்தூண் எல்லாம் துணியை வெட்டி மேலே வைத்துத் தைத்த அப்ளிக் வேலை. இந்த வெட்டியொட்டும் வித்தையின் முந்தைய வடிவத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணியின் பூக்களைக் கத்தரித்து வெள்ளைத் துணிமேல் பதித்துத்தான் அங்கே அப்ளிக் போர்வைகள் செய்துகொண்டிருந்தார்கள். பால்டிமோர்ப் பெண்கள் அச்சடித்த பூவை வெட்டாமல், துணியின் நிழல்விழும் சாயத்தையே இதழின் வளைவாக மாற்றினார்கள். அந்த ஒரு தாவலுக்காகவே நான் இவர்களை முதல் வரிசையில் வைப்பேன்.

இந்தக் கட்டங்களில் வேறுவேறு பெயர்கள் இருக்கின்றன. ஆனால் மிகச் சிறந்த கட்டங்களில் ஒரே கை தெரிகிறது. நரம்புத் தளர்ச்சி நோயாளிகளுக்குப் போர்வைத் தையலை மருந்தாகச் சொன்ன மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டன்டன் இந்தப் போர்வைகளை ஆராய்ந்து 1946இல் நூலாக்கினார். அந்தக் கை மேரி எவன்ஸ் என்பவருடையது என்ற கருத்து புகழ்பெற்றது. பின்வந்தவர்கள் அதை ஐயுற்று, பவேரியாவிலிருந்து குடியேறிய மேரி சைமன் என்பவரை முன்வைக்கிறார்கள்: அவர் வெட்டி, இழையோட்டிக் கொடுத்த கட்டங்களை மற்றவர்கள் வாங்கித் தைத்திருக்கலாம் என்று. அப்படியானால் ஆளுக்கொரு கட்டம் என்பது பாசாங்கா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொய் எழுதியவர் ரூபாய் நோட்டை அச்சடித்தாரா என்று நாம் கேட்கிறோமா?

கடைக்காரர்கள் தரத்தை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, 1966இல் அலபாமாவில் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய ஃப்ரீடம் குவில்டிங் பீ கூட்டுறவு சாட்சி. நியூயார்க் கடைகளுக்கு ஒவ்வொரு போர்வையும் மற்றதன் அச்சாக இருக்க வேண்டும். கண்ணளவில் வெட்டிப் பழகிய கைகளுக்கு அது கூலி தந்தது, மகிழ்ச்சி தந்திருக்காது.

எய்ட்ஸ் நினைவுப் போர்வையோ அளவைத் தவிர எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டது. கிளீவ் ஜோன்ஸ் தொடங்கிவைத்த அதில் ஒரு பலகத்துக்கு 3 அடிக்கு 6 அடி, ஒரு சவக்குழியின் அளவு. தோல், ஜீன்ஸ், கரடிப் பொம்மை, எது வேண்டுமானாலும் வைக்கலாம். எட்டுப் பலகங்கள் சேர்ந்து 12 அடிச் சதுரம். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் புல்வெளியில் விரித்தபோது 1,920 பலகங்கள். இன்று சுமார் 50,000, எடை 54 டன். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் ஊடுருவித் தைத்தால்தான் குவில்ட் என்பது பழைய இலக்கணம்; அதன்படி இதில் பெரும்பகுதி குவில்டே அல்ல. அதைச் சொல்லிப் பரிசு மறுக்கும் நடுவரோடு நான் தேநீர் குடிக்கமாட்டேன்.

எந்த மரபானாலும் தரம் நிற்பதும் விழுவதும் சேர்ப்பவர் கையில். கட்டங்களுக்கிடையே பட்டி வைப்பது அவருக்குத் தெரிந்த பழைய தந்திரம். பட்டி, அளவுப் பிசகையும் விழுங்கும், பக்கத்துப் பக்கத்தில் சண்டையிடும் நிறங்களையும் விலக்கி உட்கார வைக்கும். அவரால் சரிசெய்ய முடியாதது சாயம். ஒரே ஒருவர் துவைத்துப் பார்க்காத சிவப்பைத் தைத்து அனுப்பினால் முதல் சலவையிலேயே சுற்றிலும் உள்ள எட்டுப் பேரின் உழைப்பு ரோஸ் நிறமாகிவிடும். பால்டிமோர்க்காரர்கள் கெட்டிச் சாயமான டர்க்கி சிவப்பை விரும்பியதற்கு அழகு மட்டும் காரணமல்ல.

துவைத்துப் பார்க்கவே வழியில்லாத இடத்திலும் இந்தக் கலை நடந்திருக்கிறது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபின் சாங்கி சிறையில் அடைபட்ட பெண்கள். முதலில் சாரணச் சிறுமிகள் தங்கள் தலைவி எலிசபெத் என்னிஸுக்காக அறுகோணத் துண்டுகளால் ஒரு போர்வை தைத்தார்கள். அதைக் கண்டு, கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வனியின் முயற்சியில் பெரியவர்கள் மூன்று தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 கட்டங்கள். ஆளுக்கொரு சதுரம், தன்னைப் பற்றிய ஏதோ ஒன்றும் பெயரும் அதில் இருக்க வேண்டும். வேறு முகாமில் இருந்த கணவன்மார், பெயரைப் பார்த்து இவள் உயிரோடிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமே. சிறையை விடுமுறை விடுதி என்று கேலி செய்து தைத்தவரும் உண்டு.

போர்வைகள் காயமுற்ற வீரர்களுக்கு என்றுதான் மருத்துவமனைக்குப் போயின: பிரிட்டிஷ்காரருக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று, ஜப்பானியருக்கும் ஒன்று. மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டு வெளியே போயிருக்குமா என்பது சந்தேகம். அந்த மூன்றாவது போர்வை இன்று ஆஸ்திரேலியப் போர்வையோடு கான்பெராவில், போர் நினைவகத்தில் இருக்கிறது. அதன் பின்பக்கம், காயமுற்றவர்களுக்கு அனுதாபம் சொல்லி, போர் முடிந்ததும் ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்க்கும்படி எழுதியிருக்கிறார்கள். கடைசியில் இன்னொரு குறிப்பு: தண்ணீரில் போடாமல் டிரை கிளீன் செய்வது நல்லது.