கண்ணியும் கட்டுமானமும்: இன்றைய பின்னற்கலை ஒரு மதிப்பீடு

கம்பளிப் பின்னல் இந்த நூற்றாண்டில்தான் கலையானது என்ற கூற்று கலையுலகில் இப்போது கேள்வியின்றிப் புழங்குகிறது. 2005இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மக்டா சேயெக் தன் கடைக்கதவின் கைப்பிடிக்கு ஒரு பின்னல் உறை போட்டார். அதிலிருந்து கிளம்பிய தெருப்பின்னல் அலை சில ஆண்டுகளில் விளக்குக் கம்பம், மரம், பேருந்து என்று கண்ணில் பட்டதையெல்லாம் போர்த்தியது. பாட்டிமாரின் பொழுதுபோக்காக மூலையில் கிடந்த கைவேலை அப்போதுதான் வீட்டைவிட்டு வெளியேறிக் கலையாயிற்று என்பது அந்தக் கூற்றின் சாரம்.

இது வரலாறாகவும் தவறு, மதிப்பீடாகவும் தவறு. ஹூஸ்டன் கைப்பிடிக்கு 34 ஆண்டுகள் முன்பே, 1971இல், மேரி வாக்கர் ஃபிலிப்ஸ் 'கிரியேட்டிவ் நிட்டிங்: எ நியூ ஆர்ட் ஃபார்ம்' என்ற புத்தகத்தை எழுதிவிட்டார். பின்னல் ஒரு புதிய கலைவடிவம் என்ற அறிவிப்பு அதன் தலைப்பிலேயே இருக்கிறது. ஆனால் பின்னற்கலையின் இன்றைய அறிமுகங்களில் அவர் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அவரை மறந்ததால் இந்தக் கலை எந்தப் பாதையைத் தவறவிட்டது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். வேட்டியை உற்றுப் பார்த்தால் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது தெரியும். பனியனை உற்றுப் பார்த்தால் நூல் வளைந்து வளைந்து, கீழ்வரிசைக் கண்ணிக்குள் மேல்வரிசைக் கண்ணி நுழைந்து நிற்பது தெரியும். முன்னது நெசவு, பின்னது பின்னல். இந்த வேறுபாட்டிலிருந்து மூன்று குணங்கள் பிறக்கின்றன. கண்ணி தன் உருவை மாற்றிக்கொள்ளும், ஆகவே பின்னல் இழுபடும், உடலைத் தழுவும். கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் வெட்டாமல் தைக்காமல் கனவடிவம் எழுப்பலாம். காலுறையின் குதிகால் அப்படித்தான் திரும்புகிறது. கடைசிக் கண்ணியை விடுவித்து இழுத்தால் முழுவதும் நூலாகத் திரும்பிவரும். அதே நூலில் இன்னொன்றைப் பின்னலாம். இழுபடுதல், வடிவெடுத்தல், பிரிந்துவருதல் என்ற இந்த மூன்றும்தான் பின்னலின் இலக்கணம். பின்னலைக் கலை என்று பேசும் எவரும் இந்த இலக்கணத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். இடைக்கால எகிப்தின் நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள். 1400ஐ ஒட்டி ஜெர்மனியின் மாஸ்டர் பெர்ட்ராம் தீட்டிய பலிபீட ஓவியத்தில் மரியாள் தையலில்லா அங்கியின் கழுத்தைப் பல ஊசிகளில் சுற்றிப் பின்னும் காட்சி. 1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ செய்த காலுறைப் பொறி. ஷெட்லண்ட் தீவுகளின் மெல்லிய லேஸ் சால்வைகள். இருபதாம் நூற்றாண்டில் இரண்டைச் சொல்ல வேண்டும். 1927இல் எல்சா ஸ்கியாபரெல்லியைப் புகழேணியில் ஏற்றிய 'போ' முடிச்சுப் படம் போட்ட ஸ்வெட்டரைப் பின்னியவர் பாரிஸிலிருந்த அரூசியாக் மிக்காயேலியன் என்ற ஆர்மீனியப் பெண். ஃபேஷன் வரலாறு முதல் பெயரை மட்டும் தலைப்பில் வைத்தது. ஸ்வீடனில் 1939 முதல் 1969 வரை இயங்கிய போஹுஸ் ஸ்டிக்னிங் கல்லுடைப்புத் தொழில் நொடித்த கடற்கரை ஊர்களின் பெண்களுக்கு வருமானம் தேடத் தொடங்கப்பட்டது. எம்மா யாகொப்சன் தலைமையில் அங்கே உருவானவை வண்ணச் சேர்க்கையில் ஒப்பற்றவை. நேர்க்கண்ணிகளுக்கு (நிட்) நடுவே மறுபுறக் கண்ணிகளை (பர்ல்) இறைத்து, ஒரு நிறத்தின் விளிம்பு அடுத்த நிறத்தின்மேல் கசியும்படி செய்தார்கள்.

'பாட்டிமார் கைவேலை' என்று தள்ளிவிட்ட காலத்தில் நடந்த சிந்தனையைப் பாருங்கள். 1968இல் பார்பரா வாக்கர் நூற்றுக்கணக்கான பின்னல் வகைகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் பெயரிட்டு, செய்முறையோடு அச்சிட்டார். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்ஸினில் வாழ்ந்த எலிசபெத் ஸிம்மர்மன் 1971இல் 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' எழுதினார். ஸ்வெட்டரின் கை, கழுத்து, தோள் எல்லாவற்றின் அளவையும் உடற்பகுதிக் கண்ணிகளின் விழுக்காடாகக் கணக்கிடும் முறையை வகுத்தவர் அவர். நடுவிலிருந்து தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் கண்ணிகளையும் இரட்டித்தால் போதும், தட்டையான வட்டச் சால்வை தானே விரியும் என்று காட்டினார். வட்டத்தின் சுற்றளவு ஆரத்தோடு வளரும் விகிதம் அவர் கையில் ஆடையானது. அடுத்தவர் எழுதித்தந்த செய்முறைக்கு அடிமையாகாதே, கணக்கைப் புரிந்துகொண்டு நீயே வடிவமை என்பது அவர் போதனை. பெண்கள் வீட்டில் உட்கார்ந்து செய்தது என்பதற்காக இந்த அறிவை மௌனமான பழக்கமாகக் குறுக்குவது அநீதி.

மேரி வாக்கர் ஃபிலிப்ஸ் இதே ஆண்டுகளின் மனிதர். 1923இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் பிறந்தவர், நெசவாளராகத் தொடங்கியவர், மிச்சிகனின் கிரான்புரூக் கலைக்கழகத்தில் பயின்றவர். துணி வடிவமைப்பாளர் ஜாக் லெனார் லார்சனின் தூண்டுதலில் 1960களில் தறியை விட்டு இரண்டு ஊசிகளுக்கு வந்தார். உடுப்பு, போர்வை என்ற பயன்களிலிருந்து பின்னலை விடுவித்துச் சுவரிலும் அறை நடுவிலும் தொங்கவிட்டார். கம்பளியின் கதகதப்பு அவருக்குத் தேவைப்படவில்லை. லினனும் பட்டும் எடுத்தார். விறைப்பான லினன் நூலில் ஒவ்வொரு கண்ணியும் கோடுபோல் தெளிவாக நிற்கும். நூல்சுற்றி விட்ட துளைகள், குறுக்கே கடந்த கண்ணிகள், வேண்டுமென்றே நழுவவிட்ட வரிசைகள் எல்லாம் ஒளி புகும் சன்னல்களாக மாறும். பழைய லேஸ் பின்னலின் நுட்பங்களைத்தான் அவர் எடுத்தாண்டார். அவற்றைப் பூவேலையாக அடுக்காமல், பரப்பை இழுத்தும் தளர்த்தியும் ஒரு கட்டடத்தின் உள்வெளியைப்போல் ஒழுங்கு செய்தார். அந்தத் தொங்கல்களில் கண்ணியைத் தவிர வேறு கருப்பொருள் இல்லை. அதுவே அவற்றின் வீரியம்.

ஆனால் அந்தக் காலத்து நூலிழைக் கலையின் வரலாறு தறியையும் கயிற்றையும் கையாண்டவர்களைச் சுற்றியே எழுதப்பட்டது. மக்டலேனா அபகானோவிச், ஷீலா ஹிக்ஸ், லெனோர் டானி ஆகியோரின் பேருருக்கள் கண்ணை நிறைத்தன. அவர்களின் இடம் நியாயமானதே. ஃபிலிப்ஸின் மெல்லிய தொங்கல்களை அருகே நின்று பார்க்க வேண்டும். அருகே நிற்கும் பொறுமை விமரிசனத்துக்கு வாய்க்கவில்லை.

1980களில் ரோஸ்மாரி ட்ரோக்கெல் வந்தார். ஜெர்மனியின் கோலோன் நகரக் கலைச்சூழலில் ஆண் ஓவியர்களின் ஆரவாரம் உச்சத்தில் இருந்தபோது, சட்டத்தில் இழுத்துக் கட்டிய பின்னல் துணிகளை ஓவியமாக மாட்டினார். உல்மார்க் முத்திரை, பிளேபாய் முயல், அரிவாள் சுத்தியல் எனச் சின்னங்கள் அவற்றில் வரிசை வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தன. வடிவத்தை அவர் வகுத்தார், கணினிப் பொறி பின்னியது. பெண்ணின் கைவேலை என்று இளக்காரமாகப் பார்க்கப்பட்ட ஒன்றிலிருந்து கையை நீக்கிவிட்டால் என்ன மிஞ்சும் என்ற அவரது கேள்வி கூர்மையானது. கலைக்கூடங்களின் கதவைப் பின்னலுக்குத் திறந்தவர் அவர்தான். 1999இல் வெனிஸ் பியென்னாலேயில் ஜெர்மனியின் சார்பில் அவர் நின்றது தகுதியான மரியாதை. ஆயினும் அந்தக் கதவு ஒரு நிபந்தனையோடு திறந்தது. பின்னல் உள்ளே வரலாம், ஆனால் ஓர் அடையாளமாக மட்டும்: பெண்மை, வீடு, மென்மை என்ற அர்த்தங்களைச் சுமக்கும் மேற்பரப்பாக. இழுபடுதலும் வடிவெடுத்தலும் பிரிந்துவருதலும் ட்ரோக்கெலின் சட்டத்தில் ஆணியடித்து நிறுத்தப்பட்டன.

பின்வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த நிபந்தனையை ஏற்றார்கள். 2005இல் டேவ் கோல் மாசசூசெட்ஸில் இரண்டு மண்வெட்டிப் பொறிகளின் கைகளில் ராட்சத ஊசிகளைப் பொருத்தி அமெரிக்கக் கொடியைப் பின்னவைத்தார். 2006இல் மரியான் யோர்கென்ஸன் ஈராக் போரில் டென்மார்க் சேர்ந்ததைக் கண்டித்து, 4,000க்கும் மேற்பட்ட இளஞ்சிவப்புச் சதுரங்களால் ஒரு எம்-24 டாங்கியைப் போர்த்தினார். சதுரங்கள் பல கைகளிலிருந்து வந்தவை. அத்தனை பேரின் எதிர்ப்பு ஒரே போர்வையானதால் அதற்கு ஒரு தார்மீகக் கனம் உண்டு. தெருப்பின்னலுக்கு அந்தக் கனமும் இல்லை. கம்பம் எதற்குப் போர்த்தப்பட வேண்டும் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. 'கடினமான நகரத்தில் மென்மை' என்ற ஒரே வாசகத்தை ஊருக்கு ஊர் ஒப்பித்தது. நனைந்து வெளுத்துத் தொங்கும் அக்ரிலிக் உறைகளை விளம்பர நிறுவனங்கள் விரைவிலேயே கைப்பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. ஒரு சோதனை வைக்கலாம்: பின்னலுக்குப் பதில் பூப்போட்ட சீட்டித் துணியைச் சுற்றியிருந்தால் படைப்பு அதே பொருளைத் தருமா? தரும் என்றால் அங்கே பின்னலுக்கு வேலையில்லை.

இந்தச் சோதனையில் தேறுபவர்களே இன்றைய பின்னற்கலையின் உண்மையான முதல்வர்கள். ஒலிவர் ஹெர்ரிங் முதலில் நிற்கிறார். நாடகக் கலைஞர் எதில் ஐக்கெல்பர்கர் எய்ட்ஸ் நோயுற்று 1990இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஹெர்ரிங் அவர் நினைவாக ஒளிபுகும் ஒட்டுநாடாவைப் பின்னத் தொடங்கினார். பிறகு வெள்ளிநிற மைலார் படலத்துக்கு மாறினார். ஏறத்தாழ பத்தாண்டுகள் அவர் கையில் ஊசி இருந்தது. ஆளில்லாத மேலங்கிகளும் வெறும் படுக்கைகளும் அவர் பின்னியவை. அணிந்தால் குளிரைத் தடுக்காத, தொட்டால் சரசரக்கும் ஆடைகள். கண்ணி கண்ணியாகக் கழியும் நேரமே அங்கே துக்கத்தின் உருவம். உடலைத் தழுவ வேண்டிய பின்னல் உடலின்றி நிற்கிறது. இதை வேறெந்தத் துணியிலும் செய்திருக்க முடியாது.

எல்லன் லெஸ்பெரன்ஸ் ஊசியை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தவர், ஆனாலும் அவரைவிடப் பின்னலை ஆழமாக வாசித்தவர் குறைவு. அணு ஏவுகணைகளை எதிர்த்து 1981இல் இங்கிலாந்தின் கிரீனம் காமன் விமானத்தளத்தில் பெண்கள் முகாமிட்டார்கள். பழைய படங்களில் அவர்கள் அணிந்திருந்த ஸ்வெட்டர்களை லெஸ்பெரன்ஸ் கண்ணி கண்ணியாக எண்ணி, கட்டமிட்ட தாளில் கட்டத்துக்கு ஒரு நிறமாகத் தீட்டுகிறார். பார்வைக்கு அது நுண்மையான அருவ ஓவியம். பின்னத் தெரிந்தவருக்கு அது செய்முறை. அதைப் பார்த்து அந்தப் போராளியின் ஸ்வெட்டரை இன்றும் பின்னி அணியலாம். பின்னல் என்பது எழுதிவைக்கவும் திரும்ப நிகழ்த்தவும் கூடிய அறிவு என்பதை ஸிம்மர்மனும் வாக்கரும் காட்டினார்கள். லெஸ்பெரன்ஸ் அந்த அறிவை அரசியல் நினைவாக்கினார்.

மூன்றாவது சீலியா பிம். இவரைச் சொல்வதற்கு முன் நார்வேயின் அன்னெமோர் சுன்ட்பேயைச் சொல்ல வேண்டும். பழங்கம்பளியை அரைத்துப் பஞ்சாக்கும் ஆலை ஒன்றை 1983இல் வாங்கிய அவர், அங்கே மலையாகக் குவிந்திருந்த கந்தல்களில் நாட்டின் பின்னல் வரலாறே புதைந்திருப்பதைக் கண்டு பிரித்தெடுத்துக் காத்தார். உழைத்துத் தேய்ந்த முழங்கைகள், வேறு நூலால் பின்னிச் சேர்த்த கைகள் எல்லாம் அதில் இருந்தன. அந்தக் குவியலிலிருந்து வந்த சிதைந்த ஸ்வெட்டர் ஒன்றின் ஓட்டைகளை 2010இல் பிம் வெள்ளை நூலால் இட்டு நிரப்பினார். பழையதோடு கலந்து மறையும்படி அவர் இழையோட்டவில்லை. எது போயிற்று, எது மீட்கப்பட்டது என்று வெள்ளை தனியே காட்டுகிறது. கண்ணி அறுந்தால் பின்னல் எப்படிச் சரிந்து இறங்கும், எங்கே பிடித்து நிறுத்தலாம் என்பதை விரல்நுனியில் அறிந்தவரின் வேலை இது.

ஃப்ரெடி ராபின்ஸையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். 2002இல் அவர் செய்த 'கிராஃப்ட் கில்ஸ்', அம்புகளுக்குப் பதில் பின்னல் ஊசிகள் தைத்த புனித செபஸ்தியான் கோலத்தில் அவரது பின்னல் உருவம். பிறகு, தையலின்றி முழு ஆடையையும் ஒரே மூச்சில் பின்னும் ஜப்பானியத் தொழில்நுட்பத்தைக் கொண்டு மனித உருவங்கள் செய்தார். பெர்ட்ராமின் மரியாள் ஊசியில் சுற்றிய அதே எண்ணம் 1995இல் ஷிமா செய்க்கி நிறுவனத்தின் பொறியாக வந்திருந்தது. பொறி வந்தால் பின்னல் செத்துவிடாது, கட்டுமானம் தெரிந்தவர் கையில் அது நீளும் என்பதற்கு இதுவே சான்று.

இங்கேதான் திருப்பூர் வருகிறது. இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கை அனுப்பும் அந்த ஊரில் ரிப், இன்டர்லாக், லூப் லெங்த் என்பவை தினசரிப் பேச்சு. கண்ணியின் நீளம் சற்று மாறினால் துணியின் எடையும் இழுவையும் எப்படி மாறும் என்று பொறிமுன் நிற்பவர் சொல்வார். இப்படி உழைப்பவர்களைக் கலை தொடாமல் இல்லை. கேட் மஸ்ஸா 2003 முதல் 2008 வரை பல நாட்டுக் கைகளிடமிருந்து சதுரங்களைச் சேர்த்து, நைக்கி சின்னம் பொறித்த போர்வையை ஆடைத் தொழிலாளர் உரிமைக்கான மனுவாக்கினார். லிஸ் காலின்ஸ் 2005இல் சீருடை அணிந்தவர்களைப் பின்னல் பொறிகளின் முன் அமர்த்தி உழைப்பையே நிகழ்கலையாக்கினார். இரண்டும் மதிக்கத்தக்கவை. ஆனால் தொழிலாளியின் துன்பத்தைக் காட்டிய கலை அவருடைய அறிவை இன்னும் காட்டவில்லை. கண்ணியை இத்தனை நெருக்கமாக அறிந்த ஒரு நகரத்தைக் கலைவரலாறு வெறும் உற்பத்திக் களமாகப் பார்ப்பது, ஃபிலிப்ஸுக்கும் மிக்காயேலியனுக்கும் செய்த அதே புறக்கணிப்பின் தொடர்ச்சி.

2007இல் நியூயார்க்கின் கலை, வடிவமைப்பு அருங்காட்சியகம் 'ரேடிகல் லேஸ் அண்ட் சப்வர்சிவ் நிட்டிங்' என்ற கண்காட்சியை நடத்தி, பின்னல் புரட்சிகரமானது என்று முழங்கியது. அதே ஆண்டில் ஃபிலிப்ஸ் காலமானார். கலகம் செய்கிறது, திடுக்கிடவைக்கிறது, பாட்டியை மீறுகிறது என்பதற்காகப் பின்னலைப் புகழும் விமரிசனம் அன்று முதல் இன்றுவரை மாறவில்லை. மீறலைத் தேடும் கண்ணுக்குப் பேருருவும் விநோதமும்தான் தென்படும். பின்னலை மதிப்பிட வருபவர் குறைந்தது நேர்க்கண்ணியையும் மறுபுறக் கண்ணியையும் பிரித்தறியக் கற்க வேண்டும். யாப்பு அறியாமல் வெண்பாவுக்கு விமரிசனம் எழுதுவதை நாம் ஏற்கிறோமா? இந்தக் கலையின் வரலாறு ஹூஸ்டன் கதவிலிருந்தும் கோலோன் கலைக்கூடத்திலிருந்தும் தொடங்க வேண்டியதில்லை. ஸிம்மர்மனின் கணக்கையும் வாக்கரின் தொகுப்பையும் சுன்ட்பேயின் கந்தல் குவியலையும் அடித்தளமாக்கி, ஃபிலிப்ஸின் லினன் தொங்கல்களிலிருந்து அதை எழுதிப் பார்க்க வேண்டும். அப்படி எழுதினால் தெருப்பின்னலுக்கு ஓர் அடிக்குறிப்பே மிஞ்சும்; ஹெர்ரிங்கும் லெஸ்பெரன்ஸும் பிம்மும் விதிவிலக்குகளாகத் தெரியமாட்டார்கள், ஒரு மரபின் வாரிசுகளாகத் தெரிவார்கள்.