இசைத்தட்டில் கேட்காத தோள்துண்டு

1

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் நண்பர் ஒருவரின் மாடி அறை. இசைத்தட்டுகள், கேசட்டுகள், இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். எழுத்தாளர்கள், இயக்கத் தோழர்கள் என்று திருச்சியிலிருந்து ஆறேழு பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே கூடி ஃப்ரீ ஜாஸ் கேட்பதும், கேட்டதைப் பற்றிச் சண்டை போடுவதும் சில வருஷங்களாக நடந்துவருகிறது. அப்படி ஒரு சாயங்காலம் ஜான் கோல்ட்ரேனின் 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்' ஓடிக்கொண்டிருந்தது. 1967 பிப்ரவரியில் பதிவானது. கோல்ட்ரேனின் சாக்ஸபோன், ரஷீத் அலியின் டிரம்ஸ், இரண்டே பேர். அந்த ஜூலையில் கோல்ட்ரேன் இறந்துபோனார். தட்டு 1974இல்தான் வெளிவந்தது.

அந்நேரம் கீழே வீதியில் பெருமாள் புறப்பாடு. நாகஸ்வரமும் தவிலும் நெருங்கி வந்தன. ஒரு ஊதுகருவி, ஒரு தோல்கருவி. மேலே ஓடிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அதே சேர்க்கைதான். நண்பர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானுந்தான். அன்று சாத்தப்பட்ட ஜன்னலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

2

எங்கள் அறையில் அடிக்கடி சொல்லப்படும் வாய்ப்பாடு ஒன்று உண்டு. ஃப்ரீ ஜாஸ் கார்டுகளின் வரிசையை உடைத்தது, சீரான தாளத்தை உடைத்தது, ஆகவே அதிகாரத்தை உடைத்தது. இந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது? 1960 டிசம்பரில் ஆர்னெட் கோல்மன் எட்டுப் பேரை இரண்டு நால்வர் குழுக்களாக நிறுத்தி, சுமார் 37 நிமிஷம் நிற்காமல் வாசித்த 'ஃப்ரீ ஜாஸ்' என்ற தட்டும், 1965இல் பதினொரு பேர் சேர்ந்து வாசித்த கோல்ட்ரேனின் 'அசென்ஷ'னும் கேட்பவரை உலுக்குகின்றன என்பது உண்மை. ஆனால் உருவத்தை உடைப்பதே அரசியல் விடுதலை என்று எழுதிவிட்டால், இலக்கியத்தில் நாம் பல வருஷம் பேசித் தீர்த்த பழைய உருவவாதம் இசை வழியாகக் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

ஒரு எதிர் உதாரணம் சொல்கிறேன். கெட்டிமேளம். நாகஸ்வரக்காரர் கல்யாணி ராகத்தில் எந்த இடத்தில் இருந்தாலும் சரி, புரோகிதர் விரலை ஆட்டினால் ராகத்தை அங்கேயே அறுத்துவிட்டு முழு வேகத்தில் முழக்கியாக வேண்டும். தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அழுகையோ அபசகுனமான சொல்லோ காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஒலியின் அடர்த்தியிலும் ஆவேசத்திலும் அது 'அசென்ஷ'னுக்குக் கிட்டத்தில் நிற்கிறது. இந்த ஊரை அறியாத ஒருவர் பதிவில் மட்டும் அதைக் கேட்டால், கலகம் என்றுகூட எழுதிவிடுவார். நமக்குத் தெரியும், அது கட்டளைக்குப் பணிந்து எழுந்த ஒலி. கட்டளைக்கு அடையாளம் ஒரு விரல். விரல் ஒலிப்பதிவில் விழாது.

அமிரி பராகா (அப்போது லெராய் ஜோன்ஸ்) 1963இல் 'ஜாஸும் வெள்ளை விமர்சகரும்' என்ற கட்டுரையில் எழுப்பிய பிரச்சினை இதுதான். வாசிப்பவர் கறுப்பர், தீர்ப்பெழுதுபவர் வெள்ளையர். அந்த இசையை உண்டாக்கிய வாழ்க்கையையும் மனநிலையையும் கழற்றி வைத்துவிட்டு ஸ்வரங்களை மட்டும் மதிப்பிடும் விமர்சனத்தை அவர் தாக்கினார். நாங்கள் பராகாவையும் படித்தோம், ஜன்னலையும் சாத்தினோம்.

3

சுயமரியாதை இயக்கம் வளர்ந்துவந்த காலம். செட்டிநாட்டில் ஒரு கல்யாண ஊர்வலம். நாகஸ்வரக் கலைஞர் சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாசிக்கிறார். ஊதுகிறவருக்கு வேர்க்கும், துடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் துண்டை எடுக்கச் சொல்லி ஆட்சேபணை கிளம்புகிறது. எடுக்காதே, வாசி என்று பக்கத்தில் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. அன்று சிவக்கொழுந்து என்ன ராகம் வாசித்தார் என்ற கேள்விக்கு இந்த நிகழ்ச்சியில் இடமே இல்லை. ராகம் இலக்கணம் பிசகாமலேகூட இருந்திருக்கலாம். வாசிப்பின் நிபந்தனை உடைந்தது. துண்டுக்கு ஒலி கிடையாது. எந்த இசைத்தட்டிலும் அதைக் கேட்க முடியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவைத் திரும்பிப் பாருங்கள். அவர்களுடைய தோள்துண்டு எது? 1952இல் சார்ல்ஸ் மிங்கஸும் மேக்ஸ் ரோச்சும் 'டெபியூ' என்ற சொந்த ஒலிப்பதிவு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சன் ரா 1950களிலேயே ஆல்டன் ஆபிரகாமுடன் சேர்ந்து 'சாட்டர்ன்' என்ற பெயரில் சொந்தமாகத் தட்டுகள் வெளியிட்டார்; பல உறைகள் கையால் வரைந்தவை. 1965இல் சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பு இசைஞர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, சொந்தப் படைப்புகளை மட்டுமே தங்கள் மேடையில் வாசிப்பது என்று முடிவெடுத்தார்கள். பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்றுக்கொடுத்தார்கள். எப்போது வாசிப்பது, யாருக்கு வாசிப்பது, பதிவு யார் கையில் இருப்பது என்பதைத் தாங்களே தீர்மானிக்க முயன்றார்கள். ஃப்ரீ ஜாஸில் உள்ள 'ஃப்ரீ'க்கு இதையும் சேர்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். இன்று அந்த சாட்டர்ன் தட்டுகள் பணம் படைத்த சேகரிப்பாளர்களின் அலமாரிக்குப் போய்விட்டன என்பது தனிக் கதை.

நம் பக்கம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898-1956) தோடியை எத்தனை பேர் சேகரித்து வைத்திருக்கிறார்கள்! ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷத்துச் சொச்சம் ஓடும் 78 சுற்றுத் தட்டு. மணிக்கணக்கில் வீதியில் வளர்ந்த ராகம் கம்பெனியின் அளவுக்குள் மடங்கியது. அவர் மேடைக்காகவும் மரியாதைக்காகவும் போட்ட சண்டைகள், ரசிகர்களின் பேச்சில் 'வித்வானின் கோணங்கி' என்று சிரிப்புக் கதைகளாக மாறிவிட்டன. ஒலி ஆவணமாயிற்று, சண்டை துணுக்காயிற்று. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

ஸ்ரீரங்கத்திலேயே வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா (1924-1999) விஷயமும் யோசிக்க வேண்டியது. ஆந்திராவின் கரவதியில் பிறந்தவர், ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் சொக்கியவர், நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணி கற்றவர். 1998இல் சங்கீத கலாநிதி. அவரைப் பற்றி வாயைத் திறந்தாலே 'மத நல்லிணக்கம்' என்று ஒரு மாலையைப் போட்டு முடித்துவிடுகிறோம். முஸ்லிம் பெருமாள் கோயிலில் வாசித்தார் என்பதோடு கேட்பது நின்றுவிடுகிறது. ராகத்தை அவர் எப்படி எடுத்தார், ஸ்வரத்தை எப்படி அடுக்கினார் என்று எங்கள் அறையில் ஒரு ஞாயிறுகூடப் பேசியதில்லை. ஒருவரின் வாழ்க்கையை விட்டுவிட்டு ஒலியை மட்டும் எடுப்பது ஒரு வன்முறை என்றால், ஒலியை விட்டுவிட்டு அடையாளத்தை மட்டும் எடுப்பது இன்னொன்று.

4

இதற்கு நண்பர்களிடம் தயாராக ஒரு பதில் உண்டு: "பறைதான்யா நம்ம ஃப்ரீ ஜாஸ்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பறை சாவு வீட்டில் சாதிக் கடமையாகத் திணிக்கப்பட்டது. 1990களில் தலித் இயக்கங்கள் அதை விடுதலையின் கருவியாக மேடையேற்றியபோதே, 'இனி அடிக்க மாட்டோம்' என்று பறையைக் கீழே வைத்தவர்களும் இருந்தார்கள். வாசிக்க மறுப்பதும் ஓர் இசைச் செயல்தான். மறுத்தவர்கள் தட்டு எதுவும் வெளியிடவில்லை, ஆகவே எந்தச் சேகரிப்பிலும் அவர்கள் இல்லை. சமன்பாடு போட்டால் இந்த விவாதம் முழுக்க அழிந்துபோகிறது.

இன்னொரு கேள்வி. 1963 செப்டம்பரில் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டில் நான்கு கறுப்புச் சிறுமிகள் செத்தார்கள். நவம்பரில் கோல்ட்ரேன் 'அலபாமா'வைப் பதிவு செய்தார். பெயரைத் தவிர அதில் ஒரு வார்த்தை கிடையாது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். தஞ்சை மண்ணில், நாகஸ்வரத்தின் சொந்த மண்ணில். வெண்மணிக்காக ஒரு முகாரியை நான் எந்தத் தட்டிலும் கேட்டதில்லை. கலைஞர்களுக்குத் துணிச்சல் இல்லை என்று சொல்லிவிடலாமா? கோயிலும் மிராசுதார் வீட்டுக் கல்யாணமும் சோறு போடும்போது எந்த மேடையில், யாருக்கு வாசிப்பது? கோல்ட்ரேனிடம் ஒரு கிளப்பும் ஒரு கம்பெனியும் இருந்தன. இவர்களிடம் அதுவும் இல்லை. சபாக்களோ நாகஸ்வரத்தைப் பெரும்பாலும் 'மங்கள இசை' என்று வாசலோடு நிறுத்திக்கொண்டன. மங்களத்தின் வேலையே அமங்கலத்தைக் காதில் விழாமல் செய்வதுதானே.

5

என் விஷயத்துக்கு வருகிறேன். என் கல்யாணத்தில் இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில். அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. எவ்வளவு பணம் கொடுத்தார்கள், எந்தப் பந்தியில் சாப்பிட்டார்கள், தெரியாது. 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்' எந்த மாசம் பதிவானது, டிரம்ஸ் யார் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஜாஸ் தட்டின் உறை வாசித்த ஒவ்வொருவர் பெயரையும் தாங்கி வருகிறது. என் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா, சித்தப்பா, மாமாக்கள் பெயரெல்லாம் இருந்தது. வாசித்த நாலு பேர் பெயர் இல்லை.

ஃப்ரீ ஜாஸ் கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. சேகரிப்பதையும்தான். அந்த இசை எனக்குக் காது கொடுத்தது. அந்தக் காதால் வீதியைக் கேட்க முடியவில்லையென்றால் அது வெறும் சொத்து என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் வைத்த யோசனையை வாசகர்கள் முன்னும் வைக்கிறேன். ஒவ்வொருவரும் தன் ஊர்க் கோயிலில், தெருவில் வாசிக்கும் ஒரு நாகஸ்வர, தவில், பறைக் கலைஞரைப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் சம்மதித்தால் மட்டும், அவர் சொல்லும் தொகையைக் கொடுத்து, அவர் விரும்புவதை விரும்பும் நேரம்வரை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பதிவு அவருடையது, பிரதி நம்முடையது. பெயர், குரு, சீவாளி செய்தவர் யார், தவிலுக்கு வார் பிடித்தவர் யார், எல்லாம் எழுதப்பட வேண்டும். வாசிக்க முடியாது என்று ஒருவர் சொன்னால் அதையும் காரணத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஜன்னலைச் சாத்திய நண்பர்தான் முதலில் ஒத்துக்கொண்டார். அன்று புறப்பாட்டில் வாசித்தவர்கள் யார் என்று விசாரிக்கக் கிளம்பியிருக்கிறார்.