பிராட்வேயின் வாயிலில் இரு சகோதரியர்

மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனம் 1929ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி பிராட்வே மெலடி’யை இன்று பார்க்க அமர்வோருக்குப் பொறுமை வேண்டும். சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசை வென்ற முதல் பேசும்படம் என்னும் புகழ் அதற்குண்டு. ஆயினும் ஹாரி போமாண்டின் காமிரா, ஒலிவாங்கிக்கு அஞ்சிப் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பேசக் கற்ற சினிமா நடக்க மறந்திருந்த காலம் அது.

பொம்மைத் திருமண நடனத்தை மீண்டும் படமாக்கியபோது, முன்பே பதிவான இசையை ஒலிக்கவிட்டு ஆடவைத்தனராம். பின்னாளில் நம் படநிலையங்களிலும் இம்முறையே வழக்கமாயிற்று. வண்ணத்தில் எடுத்த அந்நடனம் இன்று கறுப்பு வெள்ளையில்தான் எஞ்சியுள்ளது.

ஊர் ஊராக ஆடிப் பிழைத்த ஹாங்க், குவீனி என்னும் சகோதரியர் நியூயார்க் வருகின்றனர். திறமை முழுவதும் மூத்தவளிடம், அழகு இளையவளிடம். நாடக அதிபர் இளையவளை மட்டுமே விரும்புகிறார். அக்காளையும் சேர்த்துக்கொள்ளும்படி தங்கை இரகசியமாகக் கெஞ்சுகிறாள். பின்னர், கப்பல் முகப்பில் நிற்க வேண்டிய பெண் ஒருத்தி தவறி விழ, அவ்விடத்தில் குவீனி நிறுத்தப்படுகிறாள். ஆட வேண்டாம், பாட வேண்டாம், நின்றால் போதும். அரங்கமே அவளைப் பார்க்கிறது. செல்வச் சீமான் ஒருவனும் பார்க்கிறான். உழைப்புக்கு அங்கே என்ன விலை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

பெண்மக்களைப் பெற்ற நம்மவர் சிலர் இப்படத்தின் உடைகளைக் கண்டு முகம் சுளிக்கக்கூடும். அது நியாயமே. பெண்ணை உருவத்தால் எடைபோடும் பார்வையைக் கண்டிக்கும் படம், சகோதரியர் உடை மாற்றுவதையும் வேண்டாத இடங்களில் காட்டுகிறது. குற்றம் சாட்டும் கையே விருந்தும் பரிமாறுகிறது.

ஹாங்குக்கு மணம் பேசிய எட்டியின் மனமோ தங்கைபால் சென்றுவிடுகிறது. அவனை ஒருபோதும் நேசித்ததில்லை என்று ஏசித் துரத்திவிட்டு, ஒப்பனைக் கண்ணாடியின் முன் தனியே அமர்ந்து முகப்பூச்சைத் துடைக்கிறாள் ஹாங்க். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்துகின்றன. மௌனப் படங்களில் பெயர் பெற்ற பெஸ்ஸி லவ்வுக்கு இங்கே வசனம் தேவைப்படவில்லை. அசையாத காமிராவும் இந்த ஓரிடத்தில் மட்டும் பொருத்தமாகிவிடுகிறது.

1933இல் வந்த ‘42ஆம் தெரு’ இதனினும் தேர்ந்த படம். அதில் அறியாப் பெண் ஒரே இரவில் நட்சத்திரமாகிறாள். ஹாங்குக்கோ அந்த இரவு வாய்க்கவில்லை. தங்கைக்கு வீடும் கணவனும் அமைந்தபின், அவள் வேறொரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு பழைய சிற்றூர் மேடைகளுக்கே மீண்டும் பயணப்படுகிறாள்.